வில்லங்கச் சான்று இல்லாத பட்டா மாற்றம்

பெங்களூர் கன்டோன்மென்ட்டின் பழைய பகுதிகளில் ரிச்சர்ட்ஸ் டவுனும் ஒன்று. பூங்கா, மரங்கள், ஓட்டுக்கூரை பங்களாக்கள், அவற்றை இடித்து எழும்பிய அடுக்குமாடிகள். இங்கே ஒரு பழைய வீட்டின் மாடியில் சிறிய ஆடிட்டர் அலுவலகம் ஒன்று நடப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். மூலையில் ஒரு லினக்ஸ் சர்வர். வாடிக்கையாளர்களின் பல வருடக் கணக்குகள், வருமான வரி விவரங்கள், சம்பளப் பட்டியல்கள் எல்லாம் அதற்குள்.

மூத்த உதவியாளர் வேலையை விட்டுப் போகிறார். அன்று மாலையே அவருடைய லாகினை அழித்துவிடுகிறார்கள். ஜாக்கிரதையான நிர்வாகம்தான். மறுநாள் காலை அவர் தயாரித்த ஃபைல்களின் பட்டியலைப் பார்த்தால், உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 1004 என்று ஓர் எண் நிற்கிறது. திருத்தப் போனால் அனுமதி இல்லை என்று கம்ப்யூட்டர் கையை விரிக்கிறது. வரி தாக்கல் செய்யக் கெடு நெருங்குகிறது. ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது, தொட முடியவில்லை.

இதில் கம்ப்யூட்டர் செய்த தவறு எதுவும் இல்லை. லினக்ஸும் அதற்கு முன்னோடியான யூனிக்ஸும் ஆள் பெயரை வைத்து உரிமையைத் தீர்மானிப்பதில்லை. டிஸ்க்கில் உள்ள ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு சிறு பதிவு உண்டு. அதற்கு 'ஐநோட்' என்று பெயர். ஃபைலின் அளவு, அது டிஸ்க்கில் கிடக்கும் இடம், கடைசியாக மாறிய நேரம் ஆகியவற்றோடு உரிமையாளரின் எண், குழுவின் எண் என்ற இரண்டும் அதில் எழுதப்பட்டிருக்கும். எந்த எண் யாருக்கு உரியது என்ற விவரம் வேறொரு பேரேட்டில் இருக்கிறது. பட்டியல் கேட்கும்போது கம்ப்யூட்டர் எண்ணைப் பார்த்து, பேரேட்டைப் புரட்டி, பெயரைக் காட்டுகிறது. பேரேட்டில் அந்த வரியை அடித்துவிட்டால் காட்டுவதற்குப் பெயர் ஏது? எண்தான் மிஞ்சும்.

நிலபுலன் உள்ளவர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. தாத்தா காலமாகி இருபது வருடம் ஆன பிறகும் பட்டா அவர் பெயரிலேயே கிடக்கும். நிலம் எங்கும் போகாது. பயிர் வளரும். ஆனால் கடன் வாங்கவோ விற்கவோ போகும்போதுதான் விவகாரம் தெரியும். அப்போது பட்டா மாறுதலுக்கு மனு போட வேண்டும். கம்ப்யூட்டரில் அந்த மனுவுக்குச் சமமான வேலையைச் செய்வது ஒரு கட்டளை. 'சேஞ்ச் ஓனர்' என்ற ஆங்கிலச் சொற்களை நறுக்கி, சி, எச், ஓ, டபிள்யூ, என் என்ற ஐந்து எழுத்தாக்கியிருக்கிறார்கள். 'சௌன்' என்று உச்சரிக்கிறார்கள்.

வயதான கட்டளை இது. கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது. அதிலேயே இந்தக் கட்டளை இருக்கிறது. எண்களின் அளவுதான் பிறகு பெருகியது. ஒரு காலத்தில் லினக்ஸ் 65,536 எண்களோடு நின்றது. 2001-ல் வந்த 2.4 பதிப்பில் அது சுமார் 429 கோடியாக உயர்ந்தது.

கட்டளை என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்பதை ரிச்சர்ட்ஸ் டவுன் இருக்கும் மண்ணின் வரலாற்றை வைத்தே சொல்லிவிடலாம். 1881-ல் மைசூர் ராஜ்யம் உடையார்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டபோது, கன்டோன்மென்ட் பகுதி மட்டும் பிரிட்டிஷ் நிர்வாகத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. 'சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன்' என்று பெயர். 1947-ல் அது மைசூருக்குத் திரும்பி வந்தது. 1949-ல் பெங்களூர் மாநகராட்சியோடு இணைந்தது. இத்தனை கைமாற்றத்திலும் தெருக்கள் அதே இடத்தில்தான் இருந்தன. தமிழ்க் குடும்பங்கள் அதே வீடுகளில் சமைத்துச் சாப்பிட்டன. மாறியது, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பது மட்டும். சௌன் கட்டளையும் ஃபைலுக்குள் ஓர் எழுத்தைக்கூடத் தொடாது. பதிவில் இருக்கும் எண்ணை மட்டும் மாற்றும்.

எண்தான் உரிமை என்பதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஆடிட்டர் அலுவலகத்துக்கு அடுத்த வாரம் ஒரு புதிய பயிற்சியாளர் வருகிறார். அவருக்கு லாகின் தயாரிக்கிறார்கள். எண்ணைக் கம்ப்யூட்டரே தேர்ந்தெடுக்கிறது. லினக்ஸின் சில வகைகளில் காலியாக உள்ள முதல் எண் கிடைக்கும். சிலவற்றில் இருப்பதிலேயே பெரிய எண்ணுக்கு அடுத்த எண். போனவர்தான் கடைசியாகச் சேர்ந்தவர் என்றால் இரண்டு வழியிலும் 1004 மறுபடி புழக்கத்துக்கு வந்துவிடலாம். அந்த நொடியில், மூத்த உதவியாளரின் சம்பளப் பட்டியல்களுக்கும் வாடிக்கையாளர் ரகசியங்களுக்கும் நேற்று வந்த பயிற்சியாளர் உரிமையாளர் ஆகிவிடுகிறார். யாரும் கையெழுத்துப் போடவில்லை. யாருக்கும் தெரியாது. அந்தப் பயிற்சியாளருக்கே தெரியாது.

டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் இதே கதைதான். ஒரு கம்ப்யூட்டரில் 1001 என்பவர் முதலாளி. இன்னொன்றில் 1001 என்பவர் வாசலில் உட்காரும் ரிசப்ஷனிஸ்ட். டிஸ்க்கோடு எண் பயணப்படும், பேரேடு பயணப்படாது. பென் டிரைவ்களில் தலைகீழ் நிலைமை. அவற்றில் பெரும்பாலானவை ஃபேட் முறையிலோ எக்ஸ்ஃபேட் முறையிலோ தயாரானவை. அந்த முறைகளில் உரிமையாளர் எண்ணை எழுதவே இடம் கிடையாது. அங்கே சௌன் கட்டளை கொடுத்தால் மறுப்புதான் பதில்.

சரி, கட்டளையை யார் கொடுக்கலாம்? இங்கேதான் நில விவகாரத்திலிருந்து கம்ப்யூட்டர் விலகுகிறது. சொந்த நிலத்தை யாருக்கு வேண்டுமானாலும் தானமாக எழுதிக்கொடுக்கலாம். லினக்ஸில் சொந்த ஃபைலை இன்னொருவர் பெயருக்கு மாற்ற உரிமையாளருக்கே அதிகாரம் இல்லை. 'ரூட்' என்ற தலைமை நிர்வாகியால் மட்டுமே முடியும். சாதாரண லாகினில் இருப்பவர் 'சூடூ' என்ற கட்டளையின் மூலம் அந்த அதிகாரத்தைச் சற்று நேரம் கடன் வாங்க வேண்டும். ஃபைலின் குழுவை மட்டும் உரிமையாளரே மாற்றலாம். அதுவும் தான் உறுப்பினராக உள்ள குழுக்களுக்குள்தான்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணங்கள் உண்டு. பலர் பகிர்ந்துகொள்ளும் கம்ப்யூட்டரில் ஆளுக்கு இவ்வளவு இடம் என்று ஒதுக்கீடு இருக்கும். தன் ஃபைல்களை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு ஒதுக்கீட்டிலிருந்து தப்பிக்கப் பார்ப்பார்கள். ஏடி அண்டு டி நிறுவனத்தின் 'சிஸ்டம் ஃபைவ்' வகை யூனிக்ஸில் உரிமையாளரே ஃபைலைக் கைமாற்ற முடிந்தது. பெர்க்லி பல்கலைக்கழக வகையில் அதைத் தடுத்துவிட்டார்கள். லினக்ஸ் பெர்க்லி வழியில் போனது.

இரண்டாவது காரணம் இன்னும் கனமானது. சில புரோகிராம்கள், இயக்குபவரின் அதிகாரத்தில் ஓடாமல் அவற்றின் உரிமையாளருடைய அதிகாரத்தில் ஓடும். பாஸ்வேர்டை மாற்றும் புரோகிராம் அப்படிப்பட்டது. சூடூவும் அப்படித்தான். இதற்கென்று ஃபைலின் பதிவில் ஒரு தனி அடையாளம் உண்டு. 'செட்யூஐடி' என்பார்கள். ரிச்சியின் கண்டுபிடிப்பு. 1979-ல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. யார் வேண்டுமானாலும் சௌன் செய்யலாம் என்றால், ஒரு விஷமி தன் புரோகிராமுக்கு இந்த அடையாளத்தைப் போட்டு, அதை ரூட் பெயருக்கு 'தானம்' செய்துவிட்டு, பிறகு இயக்கி, மொத்த கம்ப்யூட்டரையும் சுருட்டிக்கொள்ளலாம். அதனால்தான் தடை. போதாக்குறைக்கு, இயங்கக்கூடிய ஒரு ஃபைலின் உரிமையாளர் மாறினால் லினக்ஸ் அந்த அடையாளத்தையும் அழித்துவிடுகிறது.

இந்தக் கடைசி விவரம் மறக்கக்கூடாதது. காரணத்தைப் பார்ப்போம்.

சௌன் கட்டளையில் பெரிய எழுத்து ஆர் ஒன்றைச் சேர்த்தால், ஒரு டைரக்டரியையும் அதற்குள் இருக்கும் அத்தனை டைரக்டரிகளையும் அத்தனை ஃபைல்களையும் ஒரே மூச்சில் மாற்றும். ஆயிரக்கணக்கான பட்டாக்களை ஒரு வரியில் மாற்றும் வசதி இது. டைரக்டரியின் பெயரைத் தப்பாக அடித்தாலும், பாதையில் ஒரு சாய்வுக்கோட்டுக்கு அருகே தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்தாலும், மாறுவது அலுவலக டைரக்டரியாக இருக்காது. கம்ப்யூட்டரின் மொத்த அஸ்திவாரமாக இருக்கும். 'நிஜமாகவா?' என்ற கேள்வி வராது. அடித்தளத்தைத் தொடாதே என்று எச்சரிக்கும் வசதி இந்தக் கட்டளையில் இருக்கிறது. ஆனால் அதை நாமே கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது.

2018 பிப்ரவரியில் உலகமே இதைப் பார்த்தது. ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராமர்கள் தினமும் பயன்படுத்தும் 'என்பிஎம்' என்ற கருவியின் 5.7.0 பதிப்பில் ஒரு பிழை இருந்தது. ரூட் அல்லாதவர் சூடூ போட்டு அதை இயக்கினால், கம்ப்யூட்டரின் அமைப்பு விவரங்களும் புரோகிராம்களும் இருக்கும் முக்கிய டைரக்டரிகளின் உரிமையாளரை அது மாற்றிவிட்டது. சர்வர்கள் முடங்கின. உடனடியாக 5.7.1 வந்து பிழை சரிசெய்யப்பட்டது. ஆனால் திருத்திய பதிப்பு, ஏற்கெனவே மாறிப்போன உரிமைகளைத் திருப்பித் தரவில்லை. அந்தக் கம்ப்யூட்டர்களை அவரவரே மீட்க வேண்டியிருந்தது.

ஏன் திருப்பித் தர முடியவில்லை? எல்லாவற்றையும் மறுபடி ரூட் பெயருக்கே மாற்றினால் போதாதா? போதாது. முதலாவது, எல்லா ஃபைலும் ரூட்டுக்குச் சொந்தமாக இருக்கவில்லை. டேட்டாபேஸுக்கு ஒரு லாகின், வெப் சர்வருக்கு ஒரு லாகின், மெயிலுக்கு ஒன்று என்று தனித்தனி எண்கள் இருந்தன. இரண்டாவது, உரிமையாளர் மாறியபோது செட்யூஐடி அடையாளம் அழிந்திருக்கும். சூடூவை ரூட்டிடம் திரும்ப ஒப்படைத்தாலும் அந்த அடையாளம் இல்லாமல் அது இயங்க மறுக்கும். அதாவது, தப்பைத் திருத்த எந்தச் சாவி வேண்டுமோ அந்தச் சாவியே உடைந்து கிடக்கும்.

நிலத்துக்கு வில்லங்கச் சான்று என்று ஒன்று இருக்கிறது. சார் பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டால், முப்பது வருடத்தில் யார் யாருக்கு விற்றார், எந்த வங்கியில் அடமானம் இருந்தது என்று வரிசையாக எழுதிக் கொடுப்பார்கள். ஐநோட்டில் அந்த வரிசை கிடையாது. இப்போதைய எண் மட்டும்தான் உண்டு. முந்தைய எண் என்ன என்று கேட்டால் பதில் சொல்ல அதில் எதுவும் இல்லை. மாற்றும் வேகம் ஒரு நொடி. மாற்றுவதற்கு முந்தைய நிலையின் ஞாபகம் பூஜ்யம். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் ஆபத்து.

இந்த ஆபத்துக்குப் பயந்து பலர் இன்னும் மோசமான குறுக்குவழியில் இறங்குகிறார்கள். அனுமதி எண்ணை 777 என்று வைத்துவிடுவது. உரிமையாளர், குழு, ஊரார் எல்லோரும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்று பொருள். ஃபைல் உடனே திறக்கும்; வேலை ஓடும். ஆனால் அது பூட்டுக்குச் சாவி செய்யாமல் கதவையே கழற்றி வைப்பது மாதிரி. அந்த கம்ப்யூட்டருக்குள் நுழையும் யாரும் சம்பளப் பட்டியலைத் திருத்தலாம். யார் திருத்தினார்கள் என்பதும் தெரியாமல் போகலாம்.

வில்லங்கச் சான்றை கம்ப்யூட்டர் வைத்திருக்காவிட்டால், நாம் வைத்திருக்க வேண்டியதுதான். அது ஒன்றும் பெரிய வித்தையல்ல.

முதல் வேலை, ஆள் போன அன்று லாகினை அழிக்காமல் காலாவதி ஆக்குவது. பாஸ்வேர்டை மட்டும் பூட்டினால் சில வழிகள் திறந்தே இருக்கும். லாகினுக்கே காலாவதித் தேதி போட்டுவிட்டால் நுழைய முடியாது. எண் பேரேட்டில் தொடர்ந்து இருக்கும். வேறு யாருக்கும் போகாது. பட்டியலில் அவருடைய பெயரும் தெரிந்துகொண்டிருக்கும்.

இரண்டாவது, அவருக்குச் சொந்தமான ஃபைல்கள் எங்கெல்லாம் இருக்கின்றன என்று தேடுவது. அவருடைய சொந்த டைரக்டரியோடு நின்றுவிடக்கூடாது. 'ஃபைண்ட்' கட்டளையிடம் எண்ணைக் கொடுத்தால் டிஸ்க் முழுவதும் அலசிப் பட்டியல் தரும். பேரேட்டில் பெயரே இல்லாத அனாதை ஃபைல்களை மட்டும் காட்டு என்றும் கேட்கலாம். வருடம் ஒரு முறையாவது எல்லா அலுவலகமும் இதைக் கேட்பது நல்லது.

மூன்றாவது, மாற்றுவதற்கு முன் இன்றைய நிலையை எழுதி வைப்பது. லினக்ஸில் 'கெட்எஃப்ஏசிஎல்' என்ற கட்டளை, ஒரு டைரக்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு ஃபைலின் உரிமையாளரையும் குழுவையும் அனுமதிகளையும் ஒரு ஃபைலில் இறக்கித் தரும். பிறகு தப்பு நேர்ந்தால், ரூட் அதிகாரத்தோடு 'செட்எஃப்ஏசிஎல்' கட்டளையிடம் அதே பட்டியலைக் கொடுத்துப் பழையபடி ஆக்கச் சொல்லலாம். இதுதான் வில்லங்கச் சான்று. ஒரு வரி செலவு.

நான்காவது, மாற்றும்போது நிபந்தனையோடு மாற்றுவது. லினக்ஸில் உள்ள சௌன் கட்டளையில் 'ஃப்ரம்' என்ற ஒரு வசதி உண்டு. இப்போது 1004-க்குச் சொந்தமாக இருந்தால் மட்டும் 1002-க்கு மாற்று, மற்றவர்களுடையதைத் தொடாதே என்று சொல்லலாம். விற்பவர் பெயரில் பட்டா இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பத்திரம் எழுதுவது மாதிரி. ஆர் எழுத்தைப் போடும் நேரத்தில் இது பெரிய பாதுகாப்பு.

ஐந்தாவது யோசனை, இந்தப் பிரச்னையே அடிக்கடி வராமல் தடுப்பது. அலுவலக வேலைகளை ஆள் பெயரில் வைக்காமல் குழுவின் பெயரில் வைக்கலாம். கணக்குப் பிரிவுக்கு ஒரு குழு, சம்பளப் பிரிவுக்கு ஒரு குழு. பொது டைரக்டரியில் 'செட்ஜிஐடி' என்ற அடையாளத்தைப் போட்டுவிட்டால் அதற்குள் புதிதாகப் பிறக்கும் ஃபைல்கள் தாமாகவே அந்தக் குழுவைச் சேர்ந்துவிடும். குழுவுக்கு எழுதும் அனுமதியையும் வைத்துவிட்டால், ஒருவர் போனால் குழுவிலிருந்து அவரை நீக்கினால் போதும். ஃபைல்கள் அதே இடத்தில், மற்றவர்கள் கைக்கு எட்டும்படி இருக்கும்.

லினக்ஸ் சர்வர் இல்லை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. பல அலுவலகங்களில் அலமாரி மேல் உட்கார்ந்திருக்கும் நெட்வொர்க் டிஸ்க் பெட்டிகளில் பெரும்பாலும் ஓடுவது லினக்ஸ்தான். பாக்கெட்டில் இருக்கும் ஆண்ட்ராய்ட் போனும் லினக்ஸ்தான். அதில் ஒவ்வொரு ஆப்புக்கும் 10,000-க்கு மேல் ஒரு தனி எண் கொடுத்து, ஒன்றின் ஃபைல்களை இன்னொன்று தொடாமல் தடுக்கிறார்கள். பணம் அனுப்பும் ஆப்பின் ரகசியத்தை விளையாட்டு ஆப் படிக்க முடியாததற்கு இந்த எண்ணும் ஒரு காரணம். விண்டோஸில் பெயருக்குப் பின்னால் ஒரு நீண்ட அடையாள எண் இருக்கிறது. அங்கே உரிமையைக் கைப்பற்ற 'டேக்ஓன்' என்ற கட்டளை உண்டு. கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்து விண்டோஸை மறுபடி போட்ட பிறகு, பழைய டிஸ்க்கின் ஃபைல்கள் திறக்க மறுத்து அடம்பிடிப்பதைப் பார்த்தவர்கள் நிறைய பேர். பெயர் அதேதான், எண் புதிது.

ஆனால் ஒன்றை எந்தக் கட்டளையும் தீர்மானிக்காது. பட்டா மாறியதால் மட்டும் நிலம் சொந்தமாகிவிடாது. வருவாய்த் துறைப் பதிவு வேறு, சொத்துரிமை வேறு என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. பெங்களூரில் வீடு வாங்குபவர்கள் படாதபாடு படும் 'காத்தா'வும் அடிப்படையில் வரிக்கான பதிவுதான். கம்ப்யூட்டரின் உரிமையாளர் எண்ணும் அந்த ரகம். யார் தொடலாம் என்று அது சொல்லும். யாருக்கு நியாயமாகச் சேர வேண்டும் என்று சொல்லாது. போனவர் சர்வரில் விட்டுச் சென்றதில் அலுவலகக் கணக்கும் இருக்கும். மகளின் கல்யாணப் பத்திரிகை மாதிரியும் இருக்கும். ஆர் போட்டு மொத்தமாக மாற்றினால் இரண்டும் ஒரே கைக்குப் போகும்.

எது அலுவலகத்துக்கு, எது அவருக்கு, யார் பொறுப்பேற்பது என்ற முடிவை, அவர் இன்னும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே, பேசி, ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு கட்டளைக்கு ஒரு வரி போதும்.